மண்சுவர்

மண்வீடு என்றால் வறுமையின் அடையாளம் என்று கருதுவோர் பலர். மக்கட்கணக்கெடுப்பிலும் மண்சுவரும் பச்சைக்கல் சுவரும் 'கச்சா' என்னும் வகையிலேயே வைத்து எண்ணப்பட்டு வந்துள்ளன. மண்ணைப் பழிப்பதற்கு முன் அதன் குணத்தை ஆராய்ந்தறிதல் அன்றோ முறை?

களிமண் மிக நுண்ணிய துகள்களால் ஆகியது. நீரை ஏற்றால் அது பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். கோவிற்பட்டிக் கரிசல் நிலம் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைக் கண்டவர்க்கு இது விளங்கும். வெறுங்களிமண்ணால் எழுப்பிய சுவரும் அவ்வாறே வெடிக்கும். மணல் மிகுந்த மண்ணோ பிடிப்பின்றி உதிரும். இரண்டும் அளவொத்துக் கலந்த செம்மண்ணே சுவருக்கு ஏற்றது. கண்ணாடிப் புட்டியில் சிறிது மண்ணை இட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் தங்கும். அதன்மேல் வண்டல் படியும். களி நெடுநேரம் சென்றே அடங்கும். அவ்வடுக்குகளின் உயரமே மண்ணின் இயல்பைக் கூறிவிடும்.

மண்ணின் குறை தெரிந்தால் மருந்தும் தெரியும். நறுக்கிய வைக்கோலைச் சேர்த்து மிதித்துச் சில நாள் புளிக்கவைத்தால், நார் குறுக்கே நின்று பெருவெடிப்பைத் தடுக்கும். சாணத்தில் உள்ள நுண்ணிய நார்கள் மேற்பூச்சுக்கு அதே உதவியைச் செய்கின்றன. களி மிகுந்த மண்ணுக்கு நீற்றிய சுண்ணாம்பு சிறந்தது. நூறு பங்கு மண்ணுக்கு 5 முதல் 10 பங்கு சேர்த்தால், அது களியோடு மெல்ல மெல்ல இணைந்து, வாரங்கள் செல்லச் செல்ல நீருக்குக் கரையாத இறுக்கத்தைத் தருகிறது. பழைய கொத்தனார்கள் சுண்ணாம்புக் காரையில் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் கலந்தனர். அது வெறும் வழக்கம் அன்று. இனிப்பு நீரில் சுண்ணாம்பு மிகுதியாகக் கரையும் என்பது வேதியியலார் அறிந்த உண்மை.

இக்காலத்தார் செய்யும் பிழை ஒன்று உண்டு. மண்சுவரை உறுதிப்படுத்துவதாக எண்ணி அதன்மேல் சிமெண்டு பூசுகின்றனர். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்குகிறது. சில மழைக்காலங்களில் பூச்சு பெயர்ந்து, சுவரும் கெடுகிறது. பழியோ மண்ணின்மேல் விழுகிறது!

ஆப்பிரிக்காவில் மாலி நாட்டு ஜென்னே நகரின் பெரிய பள்ளிவாசல் 1907-ஆம் ஆண்டு மண்ணாலேயே எழுப்பப்பட்டது. ஊரார் ஒன்றுகூடி, நெல்லுமி கலந்த சேற்றை ஆண்டுதோறும் அதற்குப் பூசி வருகின்றனர். பராமரிப்பு வேண்டும் என்பது மண்ணின் குறையே, ஐயமில்லை. கல் அடித்தளமும் அகன்ற இறவாரமும் இல்லாத மண்சுவர் ஐப்பசி மழைக்கு நில்லாது என்பதும் உண்மையே.

பாலத்துக்கும் அணைக்கும் சிமெண்டு வேண்டும். ஆனால் அதனை ஆக்க 1,450 பாகை வெப்பம் வேண்டும். உலகில் மாந்தர் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு அத்தொழிலினின்று வருகிறது. ஓரடுக்குச் சிறுவீட்டின் சுவருக்கும் அதுவே வேண்டும் என்பது பொருந்தாது. இங்கே இடர் வேறு. மண் குழைக்கும் அளவுகள் முதிய கொத்தனார்களின் கைகளிலும் தரை மெழுகும் பெண்டிரின் கைகளிலும் மட்டுமே தங்கியுள்ளன. பொறியியற் கல்லூரிகள் வட்டாரந்தோறும் மண்ணை எடுத்து, அம்முதியோர் சொற்படி குழைத்து, நீரில் ஊறவைத்தும் நசுக்கியும் சோதித்தல் வேண்டும். முதியவர் 'ஒரு கைப்பிடி' என்று சொல்லுவதைத் தராசில் இட்டு நிறுத்து, அவர் இருக்கும்பொழுதே எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.