தட்டுக்கு ரிவெட் அடித்தது யார்?

‘பறக்கும் தட்டு பார்த்தேன்டா’ என்று உங்கள் ரூம்மேட் வந்து சொன்னால் என்ன செய்வீர்கள்? ‘ராத்திரி என்ன சாப்பிட்டே?’ என்று கலாய்ப்பீர்கள். இல்லாவிட்டால் அப்படியே நம்பி, பக்கத்து ரூமிலும் போய்ச் சொல்வீர்கள். ரெண்டுமே ஈஸி. அவன் சொல்வதை டேட்டாவாக எடுத்துக்கொண்டு ஆராய்வது இருக்கிறதே, அங்கேதான் தாவு தீர்ந்துவிடும்.

அமெரிக்க விமானப்படை ‘புராஜெக்ட் ப்ளூ புக்’ என்று ஒன்று நடத்தியது. 1969-ல் கடையை மூடியபோது கணக்கில் 12,618 ரிப்போர்ட்கள். பெரும்பாலும் நட்சத்திரம், பலூன், விமானம் வகையறா. 701 மட்டும் ‘தெரியவில்லை’ ஃபைலில் தங்கிவிட்டன. உடனே ‘அந்த 701-ம் வேற்றுக்கிரகவாசிகள்தான்’ என்று குதிக்கிறவர்கள் உண்டு. திருடன் சிக்கவில்லை என்பதற்காகத் திருடியது பேய் என்று எஃப்.ஐ.ஆர். போட முடியுமா?

சரி, சாட்சிகளை எவ்வளவு நம்பலாம்? இதற்குச் சூப்பராக ஒரு டெஸ்ட் தானாகவே அமைந்தது. 1968 மார்ச் 3 ராத்திரி, சோவியத் யூனியனின் ‘ஸோண்ட்-4’ விண்கலத்தை ஏவிய ராக்கெட்டின் மிச்சம், பல பத்து கிலோமீட்டர் உயரத்தில் எரிந்துகொண்டே அமெரிக்காவைக் கடந்தது. பல மாநிலங்களில் ஜனங்கள் அண்ணாந்து பார்த்து, பார்த்ததை எழுதி அனுப்பினார்கள்.

விடை கையில் இருக்கிற பரீட்சை. பேப்பர் திருத்தியவர் வில்லியம் ஹார்ட்மன் என்ற வானியலாளர். கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்டு காண்டன் தலைமையில் நடந்த ஆய்வுக்காக.

நிறையப் பேர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள்: வரிசையாக வெளிச்சங்கள், சத்தம் இல்லை. சிலர் மட்டும் சுருட்டு வடிவத்தில் ஒரு விமானத்தையே பார்த்துவிட்டார்கள்! அதில் உள்ளே விளக்கு எரியும் சதுர ஜன்னல்கள் வேறு. தகடுகளை ரிவெட் அடித்து இணைத்த மாதிரி பாடி என்றுகூட ஒரு வர்ணனை. வெளிச்சப் புள்ளிகளை ஜன்னலாக்கி, ஜன்னல்களைச் சுற்றி ஒரு விமானத்தை மூளையே கட்டி முடித்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் பேஜார்!

ஹார்ட்மன் இன்னொன்றும் கவனித்தார். பரவசப்பட்டவர்கள்தான் நீளநீளமாக, விலாவாரியாக எழுதுகிறார்கள். ஃபைலைப் புரட்டுகிறவருக்கு எது வெயிட்டாகத் தெரியும்? ரிவெட் கடிதம்தானே! ‘நாலு வெளிச்சம் போச்சு சார்’ என்று எழுதின நல்ல சாட்சி அடியில் போய்விடுகிறார்.

‘கேமரா பொய் சொல்லுமா பாஸ்?’ என்பீர்கள். சொல்லாதுதான். 2015-ல் அமெரிக்கக் கடற்படை ஜெட் ஒன்று எடுத்த ‘கோ ஃபாஸ்ட்’ வீடியோவில் ஒரு பொட்டு, கடலை ஒட்டிப் பிய்த்துக்கொண்டு பறக்கிறது. நாசா அமைத்த குழு, திரையில் இருந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டது. பொட்டு இருந்தது சுமார் 13,000 அடி உயரத்தில். வேகம் மணிக்குச் சுமார் 40 மைல், அந்த உயரத்தில் காற்றே அடிக்கிற வேகம். பறந்தது படம் எடுத்த ஜெட்! ரயிலில் போகும்போது பக்கத்து மரம் பின்னால் ஓடுமே, அதே சமாச்சாரம். தூரமும் கோணமும் திரையிலேயே இருந்ததால் பிழைத்தோம். செல்போன் வீடியோவில் அதெல்லாம் ஏது? வேற்றுக்கிரகத்துக்கு ஆதாரம் இல்லை, இருக்கிற டேட்டாவும் சரியில்லை என்றுதான் அந்தக் குழு 2023-ல் சொன்னது.

சொல்லாமல் வரும் விருந்தாளியை அளக்க வேண்டுமென்றால் வாசலிலேயே காத்திருக்க வேண்டும். நார்வேயில் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் மர்ம வெளிச்சங்கள் தெரிந்ததால், 1984-ல் கருவிகளோடு போய் உட்கார்ந்தார்கள். 1998-ல் தானியங்கி நிலையமே வைத்தார்கள். எல்லா வெளிச்சத்துக்கும் விடை கிடைத்துவிடவில்லை. ஆனால் கையில் இருப்பது அளவுகள், வர்ணனை இல்லை.

உங்கள் மொட்டை மாடியிலும் ஏதாவது தெரியலாம். முதலில் மணி பாருங்கள். எந்தத் திசை என்று குறியுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று எண்ணுங்கள். ‘பஸ் சைஸ் இருந்துச்சு’ மட்டும் வேண்டாம். தூரம் தெரியாமல் சைஸ் தெரியாது. பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். அவர் ஜன்னல் பார்த்திருக்கலாம்.