கேலிக்கு ஆளான குரல்



உங்கள் இல்லத்தில் பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால், டோரேமான் என்னும் நீலநிறப் பூனையை நீங்களும் அறிந்திருப்பீர்கள். தளவானூரில் நான் ஓதிக்கொடுக்கும் மாலை நேர மக்தபுக்கு வரும் சிறார் பலருக்கு அலிஃப், பா தெரியுமுன்பே அந்தப் பூனையைத் தெரிந்திருக்கிறது. தொலைக்காட்சியின் முன் பிள்ளைகளின் பொழுது கழிவதை நான் விரும்புபவன் அல்லன். ஆயினும் அந்தப் பூனைக்குக் குரல் கொடுத்த ஒரு பெண்மணியின் வரலாற்றைப் படித்தபோது, என் வகுப்பில் நானே செய்த பிழையொன்று கண்முன் வந்து நின்றது. ஆகவேதான் இம்மாதம் இதை எழுதத் துணிந்தேன்.

நொபுயோ ஓயாமா என்பது அவர் பெயர். 1933ஆம் ஆண்டு ஜப்பானின் டோக்கியோ நகரில் பிறந்தார். அவருடைய குரல் இளமையிலேயே கரகரப்பானது. மற்றச் சிறுமியரின் குரலோடு சேராதது. பள்ளியில் அவர் வாய் திறந்தால் உடன் பயின்றோர் சிரித்தனர். நாளடைவில் அவர் பேச்சையே குறைத்துக்கொண்டார். இதையறிந்த தாயார், குரலை மறைத்துக்கொள் என்று மகளிடம் கூறவில்லை. பலவீனமானது என்று ஒன்றை ஒதுக்கி வைத்தால் அது மேலும் பலவீனமாகும் என்று எடுத்துரைத்து, குரலுக்கு வேலையுள்ள மன்றம் ஒன்றில் சேருமாறு பணித்தார். மகளும் பள்ளியின் ஒலிபரப்பு மன்றத்தில் சேர்ந்தார். அந்தத் தாயின் சொல்லை நான் இருமுறை படித்தேன்.

1979 ஏப்ரல் மாதம் அசாஹி தொலைக்காட்சியில் டோரேமான் தொடர் ஆரம்பமாயிற்று. பூனைக்கு ஓயாமாவின் குரல். 2005 வரை, 26 ஆண்டுகள், அந்தக் கரகரத்த குரலைக் கேட்டே ஜப்பானில் ஒரு தலைமுறை வளர்ந்தது. பூனையின் தோழனான நோபிதா என்னும் சிறுவனுக்கும் அதே காலம் முழுவதும் குரல் கொடுத்தவர் நொரிகோ ஓஹாரா என்ற பெண்மணியே. சிறுவனுக்கு ஏன் பெண் குரல் என்று நீங்கள் வினவலாம். சிறுவர்களின் குரல் பதின்பருவத்தில் உடைந்துவிடும். தொடர் நடுவில் நிற்கும். பெண்ணின் குரலோ பல்லாண்டுகள் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும்.

இது எளிய தொழில் அன்று. கண் திரையில் இருக்க வேண்டும். கையில் உள்ள தாள் சரசரக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு ஓடிக் களைத்தவரைப்போல மூச்சிரைக்க வேண்டும். வெறும் வாயால் உண்ணும் ஓசை எழுப்ப வேண்டும். வேற்றுமொழிக்கு மாற்றும்போது இன்னொரு சுமையும் சேர்கிறது. ஜப்பானிய மொழிக்கு அசைந்த உதடு மூடும்வரை நம் மொழிச் சொல் நீள வேண்டும். மூடியபின் ஓரசையும் மிஞ்சக் கூடாது.

ஓயாமா அப்பொறுப்பிலிருந்து விலகிய அதே 2005ஆம் ஆண்டில் டோரேமான் நம் நாட்டில் ஹங்காமா தொலைக்காட்சி வழியே இந்தியில் பேசத் தொடங்கிற்று. குரல் கொடுத்த சோனல் கௌஷல் அப்பொழுது பள்ளி மாணவி. 2007இல் சுட்டி டிவி வந்தபின் டோராவும் புஜ்ஜியும் தமிழிலேயே பேசினர். அந்தக் குரல்களை அறியாத பிள்ளை அன்று இல்லை; குரலுக்கு உரியவர்களின் பெயரைக் கேட்டால் பெரியவர்களுக்கும் தெரியாது. திரைப்படப் பின்னணிக் குரல் கலைஞர்களுக்கேனும் தமிழக அரசு விருது வழங்குகிறது.

ஓயாமாவின் இறுதிக்காலம் எளிதாக இருக்கவில்லை. 2001இல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அவருக்கு மறதிநோய் வந்திருப்பதை 2015இல் கணவர் வெளியிட்டார். 2024 செப்டம்பர் 29 அன்று, 90ஆம் வயதில் காலமானார். ஓஹாரா அவருக்கு முன்பே அவ்வாண்டு ஜூலையில் மறைந்திருந்தார்.

இனி என் பிழைக்கு வருகிறேன். எங்கள் மக்தபில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஓதுகிறாள். அவளுக்கும் தடித்த குரல். அவள் ஓதத் தொடங்கியதும் பையன்கள் சிரித்தனர். வகுப்பு அமைதியாக நடந்தால் போதும் என்றெண்ணிய நான், சிரித்தவர்களை விட்டுவிட்டு, “நீ மெல்ல ஓதம்மா” என்றேன். அவள் மெல்ல ஓதினாள். பிறகு உதடு மட்டும் அசைந்தது. சில மாதங்கள் கழித்து அவளுடைய தாயார் வந்து, “ஹஜ்ரத், பிள்ளை வீட்டிலும் வாய்விட்டு ஓத மாட்டேன் என்கிறாள்” என்றார். கேட்டுப் பார்த்தேன். மனப்பாடமாக இருந்த சூராக்களில் பாதி கலைந்து போயிருந்தன.

குரலைத் தாழ்த்திக்கொள்ளுமாறு லுக்மான் (அலை) கூறிய அறிவுரை குர்ஆனில் உண்டல்லவா என்று சிலர் கேட்பர். உண்டு. அது தம் மகனுக்கு அவர் கூறியது. நாமோ அதை மகள்களுக்கு மட்டுமே நினைவூட்டுகிறோம். மேலும் அது பேசும் ஒழுக்கத்தைப் பற்றியது. அல்லாஹ் படைத்தளித்த குரலின் தன்மையைப் பற்றியது அன்று. (நம் பெண்கள் இத்தொழிலுக்குச் செல்லலாமா என்று என்னிடம் ஃபத்வா கேட்டு எழுத வேண்டாம். அது இப்பக்கத்தின் வேலை அன்று.)

அபூ மஹ்தூரா (ரலி) அவர்களின் வரலாறு எனக்கு மறந்தா போயிற்று? ஹுனைனிலிருந்து திரும்பும் வழியில் பாங்கொலி கேட்டு, அதைப்போலவே கூவிக் கேலி செய்த இளைஞர் கூட்டத்தில் அவரும் ஒருவர். நபி (ஸல்) அவர்கள் அந்த இளைஞர்களை அழைத்து, ஒவ்வொருவராகக் கூவச் செய்து கேட்டார்கள். அபூ மஹ்தூராவின் குரல் வளத்தைக் கண்டுகொண்டு, தாமே அவருக்குப் பாங்கு கற்றுத் தந்து, மக்காவின் முஅத்தினாக நியமித்தார்கள். கேலி செய்த குரலிலும் நலத்தைத் தேடினார்கள் அண்ணலார். நானோ கேலிக்கு ஆளான குரலை அடக்கினேன்.

மறுநாள் அச்சிறுமியிடம், “நான் சொன்னது தவறம்மா” என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கக் கூறினேன். அவள் தலைகுனிந்து நின்றாள், மறுமொழி சொல்லவில்லை. சிறு பிள்ளைகளுக்கு முதலில் ஓதிக்காட்டும் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்தேன். முதல் வாரம் குரல் எழவே இல்லை. சிரித்த பையனை என்னருகில் அமர்த்திக்கொண்டேன். இரண்டாம் வாரம் அலிஃப் என்றாள். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். இப்பொழுது நாள்தோறும் அவளே தொடங்குகிறாள். மழை பெய்து தகரக் கூரை அதிரும் மாலைகளில் என் குரல் பின்வரிசைக்கு எட்டுவதில்லை. அவள் குரல் எட்டுகிறது.