தொலைவு சேர்க்கும் இனிமை

கோயில் கொடையின்போது மைக் செட்டின் கூம்பு ஒலிபெருக்கிக்கு அடியில் நின்று பாட்டுக் கேட்க யாராலும் முடியாது. காதைப் பொத்திக்கொள்ளத்தான் தோன்றும். அதே பாட்டு, இரண்டு மைல் தள்ளி அடுத்த ஊர் மொட்டை மாடியில் படுத்திருப்பவரைத் தாலாட்டுகிறது. பாட்டும் அதுவே, ஒலிபெருக்கியும் அதுவே. நடுவே சேர்ந்தவை வயலும் காற்றும் மட்டும்தான். காற்று எல்லா ஒலியையும் ஒரே அளவில் தேய்ப்பதில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு கிலோமீட்டர் கடப்பதற்குள் 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் அது உறிஞ்சுவது ஏழெட்டு டெசிபெலுக்குள் அடங்கும். 4000 ஹெர்ட்ஸ் ஒலியில் 20 டெசிபெலைத் தாண்டும். கீச்சும் கரகரப்பும் குடியிருப்பது அந்த உயரத்தில்தான். அவை உதிர்ந்த பிறகு மெட்டு மட்டும் வந்து சேர்கிறது. இரவில் தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்கிறது. மேலே வெப்பம் தங்கிவிடுகிறது. அதனால் மேலெழும் ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. பகலில் கேட்காத ரயில் ஊதல் நள்ளிரவில் எட்டுவது இப்படித்தான்.

இது வெறும் பழைய நினைவின் மயக்கம் என்று சிலர் சொல்வார்கள். நினைவுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முன்பின் அறியாத ஊரில், மொழி புரியாத பாட்டு தொலைவிலிருந்து வந்தாலும் மனம் அதன் பின்னே போகிறதே, அங்கே எந்த நினைவு? இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஆம்புலன்ஸ் சைரனும் சாவு மேளமும் எத்தனை தொலைவில் கேட்டாலும் இனிப்பதில்லை. உண்மைதான். அதனால் காற்று செய்வது பாதி வேலை என்றே கொள்கிறேன். முதுகுக்குப் பின்னால் அலறும் ஹாரன் நம்மை விலகச் சொல்கிறது. வயலுக்கு அப்பால் கேட்கும் ஊதல் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. இனிமைக்கு அந்த விடுதலையும் வேண்டும். நெய்தல் திணைப் பாடல்களில் இரவில் கேட்கும் தேர்மணி, காத்திருக்கும் தலைவிக்குத் தவிப்பு. வாசிக்கும் நமக்குத்தான் அது அழகு.

இந்த அழகைத் தாங்கி நிற்பது சுற்றுப்புற அமைதி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபெல் வரை அனுமதிக்கின்றன. தூக்கத்தைக் காக்க அந்த வரம்பு அவசியம். அது பல இடங்களில் மீறப்படுவதுதான் பெருங்கவலை. ஆனால் வரம்பை மீறாத தெருவில்கூட, ஏசி இயந்திரமும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலுக்குள், 30 டெசிபெலில் வந்து சேரும் நாகஸ்வரம் மூழ்கிப்போகும். வாசித்தவருக்கும் தெரியாது, கேட்டிருக்க வேண்டியவருக்கும் தெரியாது. அதனால் இந்த இழப்பைப் பற்றி எவரும் புகார் எழுதுவதில்லை.