கேபினைப் பார்த்து போட் வாங்கும் கனவான்களுக்கு

தலைப்பைப் பார்த்ததும் சிட்னியில இருக்கிற நாலு நண்பர்கள் முறைப்பாங்க. முறைக்கட்டும் :-)

கொஞ்ச நாளா நம்ம ஆட்கள் மத்தியில ஒரு காய்ச்சல். வீடு வாங்கியாச்சு, பெரிய கார் வாங்கியாச்சு, அடுத்து போட். சனிக்கிழமை கரை மறையுற தூரத்துல போய் சூரை பிடிக்கணும், ராத்திரி அதுலயே தூங்கணும், ஞாயித்துக்கிழமை காருக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டு வந்து வீட்டு வாசல்ல நிறுத்தணும். மூணும் ஒரே படகுல வேணும். விக்கிறவர் எல்லாத்துக்கும் தலையாட்டுவார், அவர் பொழப்பு அது.

இந்த மூணு ஆசையும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுற ஆசைங்க. எதை விட்டுக்கொடுக்கப் போறோம்னு முடிவு பண்ணாம கடைக்குள்ள போறவரை கேபின்ல போட்டிருக்கிற மெத்தை கவுத்துடும்.

முதல்ல எடைக் கணக்கு. விளம்பரத்துல "1,200 கிலோ"ன்னு போட்டிருப்பான். அது பெரும்பாலும் வெறும் ஓடு. 200 குதிரைசக்தி அவுட்போர்டு எஞ்சின் சுமார் 220 கிலோ. ட்ரெய்லர் ஒரு 600 கிலோன்னு வைங்க. 200 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 150 கிலோ. நங்கூரம், சங்கிலி, ஐஸ்பெட்டி, தண்ணி, தூண்டில், மச்சான் கொண்டு வர்ற பிரியாணி டேக்சா எல்லாம் சேர்த்து இன்னொரு 150. கூட்டினா 2,300 கிலோவைத் தாண்டுது. ஆஸ்திரேலியாவுல ட்ரெய்லர் 2,000 கிலோவுக்கு மேல போனா எல்லாச் சக்கரத்துலயும் பிரேக் வேணும், கார்ல இருந்து கழண்டுக்கிட்டா தானா பிடிக்கிற அமைப்பும் வேணும். உங்க கார் எவ்வளவு இழுக்கும்னு அதோட கையேட்டுல இருக்கும், அதைப் படிச்சவர் யாரு? அகலமும் 2.5 மீட்டருக்குள்ள இருக்கணும், இல்லேன்னா சாதாரணமா ரோட்டுல இழுக்க முடியாது. ஆக, படகை அளக்க வேண்டியது கடல்ல இல்ல, எடைமேடையில.

அடுத்தது அடிவயிறு. கூர்மையான 'வி' வடிவம் அலையை வெட்டிக்கிட்டுப் போகும், முதுகெலும்பு தப்பிக்கும். ஆனா நிறுத்திட்டு தூண்டில் போட்டா தொட்டில் மாதிரி ஆடும். தட்டையான அடி நின்னா ஆடாது, ஓடினா பல்லு கிட்டும். ரெண்டும் வேணும்னா இரட்டை ஓடு வாங்குன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். அதுக்கு அவங்க வச்ச பேரு கேட்டமரான், நம்ம கட்டுமரம்! கட்டையைச் சேர்த்துக் கட்டின நம்ம மிதவைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, பேரை மட்டும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நல்ல படகுதான், ஆனா அதுலயும் விலை, எடை, அகலம் மூணும் இடிக்கும்.

இப்ப எனக்கு நிஜமாவே கோபம் வர்ற விஷயத்துக்கு வர்றேன். "கேபின் இருக்கு, அதனால ராத்திரி வெளிக்கடல்லயே தங்கலாம்"ங்கிற பேச்சு. சிட்னிக்கு வெளிய கடல் நீரோட்டம் பெரும்பாலும் தெற்கு நோக்கி ஓடுது. கோடையில நாள் பூரா வடகிழக்குக் காத்து சொகமா அடிக்கும். சாயங்காலம் சதர்லி பஸ்டர் வந்துச்சுன்னா வெப்பம் சில நிமிஷத்துல பத்து டிகிரி இறங்கிடும், காத்து அப்படியே திரும்பி தெற்கிலிருந்து அறையும். ஓடுற நீரோட்டத்துக்கு எதிர்க்காத்து. அலை நெருக்கமா, செங்குத்தா எழும்பும். பிரௌன்ஸ் மவுண்டன் பக்கம், கரையிலிருந்து சுமார் இருபது கடல் மைல்ல, ஆறு மீட்டர் படகுல இருட்டுல இதைச் சந்திக்கிறதுக்கு பேரு வீரம் இல்ல சாமி.

பகல்ல போங்க, மீன் பிடிங்க, வெளிச்சம் இருக்கும்போதே திரும்புங்க. ராத்திரித் தூக்கத்துக்கு பிட்வாட்டர் இருக்கு, ஹாக்ஸ்பரி ஆத்தோட கிளைகள் இருக்கு. அங்க நங்கூரம் போட்டு, சுத்திலும் தெரியுற வெள்ளை விளக்கை ஏத்தி வச்சுட்டுத் தூங்குங்க. குளிருதுன்னு கேபினை இறுக்க மூடிட்டு உள்ள கேஸ் அடுப்பு பத்த வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்துலயே ஆளைக் கொண்டுபோயிடும். முப்பது நாப்பது டாலர் அலாரம் வாங்க யோசிக்கிறவர்தான் லெதர் சீட்டுக்கு ரெண்டாயிரம் கூடக் கொடுக்கிறார்.

அதே மாதிரி, ஸ்டீயரிங் பக்கத்துலயோ பின்னாடியோ ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை, எவ்வளவு பெரிய எஞ்சின்னு அதுல இருக்கும். ஆறு மீட்டருக்குக் குறைவான படகுன்னா மிதப்புத் தன்மையும் போட்டிருக்கும். 'பேசிக்'னா தண்ணி நிறைஞ்சா படகு மிதக்கும், ஆனா குப்புற கவுந்தும் மிதக்கலாம். 'லெவல்'னா நிமிர்ந்து மிதக்கும், நீங்க உள்ளயே உட்கார்ந்து உதவிக்குக் காத்திருக்கலாம். இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தைப் பத்தி எந்த விற்பனையாளரும் தானா வாயைத் திறந்து நான் கேட்டதில்ல. மீன் தேடுற கருவியோட திரை எத்தனை இஞ்சுன்னு அரை மணி நேரம் பேசுவாங்க.

கரையிலிருந்து ரெண்டு கடல் மைலைத் தாண்டினா இங்க ஈபர்ப் கட்டாயம். பெட்ரோல் மூணுல ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கைவைக்காம. இதெல்லாம் பழைய சங்கதி, விடுங்க.

என்னைக் கேட்டா ஆறு மீட்டர் பக்கம், பாதிக் கேபின், பின்னாடி நாலு பேர் நின்னு மீன் பிடிக்க தாராளமா இடம். அலுமினியமா, ஃபைபரா? அலுமினியம் இழுக்க லேசு, ஆனா ராத்திரி பூரா தண்ணி தகரத்துல தட்டுற சத்தம் இருக்கே, அதுக்கு நம்ம ஊர் கல்யாண மண்டபத் தூக்கமே தேவலை. வாங்கறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டிட்டு அந்தக் கேபினுக்குள்ள நீட்டி நிமிர்ந்து படுத்துப் பாருங்க. கடைக்காரர் சிரிச்சா சிரிக்கட்டும். உங்க கால் எங்க முட்டுதுன்னு அவர் கால்குலேட்டரைத் தட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.