மலிவுக் கைப்பேசியும் இலேசான இயங்குதளமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

128 எம்.பி. நினைவகத்துடன் 1,999 ரூபாய்க்கு 2014-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் கைப்பேசியை, அதன் மந்தகதி ஒன்றையே பிரமாதப்படுத்திப் பரிகசித்தவர்கள், லினக்ஸ் கருவின்மேல் உலாவியின் இயந்திரத்தையே அமர்த்தி, செயலிகள் யாவும் வலைத் தொழில்நுட்பத்திலேயே இயங்குமாறு மொசில்லா வகுத்த, அக்கைப்பேசியில் ஓடிய ஃபயர்பாக்ஸ் ஓ.எஸ். என்னும் இயங்குதளத்தின் விசேஷத்தைக் கவனித்தாரில்லை. வாட்ஸ்அப் போன்ற பிரபலச் செயலிகள் வந்து சேராதது அதற்குப் பெரும் பிரதிகூலமாயிற்று என்பது வாஸ்தவமே. 2015 டிசம்பரில் மொசில்லா கைப்பேசி முயற்சியைக் கைவிட்டது. ஆயினும் மூலநிரல் பகிரங்கமாக இருந்தபடியால், அதிலிருந்து கிளைத்த காய் ஓ.எஸ். 2017-இல் ஜியோபோனில் புகுந்து, பொத்தான் கைப்பேசியிலேயே சாமானியர்க்கும் இணையத்தைச் சாத்தியமாக்கிற்று. கைவிடப்பட்ட இயங்குதளம் இவ்வாறு மறுவாழ்வு பெற்றதுபோல், கைவிடப்பட்ட கைப்பேசிகளும் பெறவேண்டும். ஆகவே, உற்பத்தியாளர்கள் ஒரு கைப்பேசிக்கு ஆதரவை நிறுத்தும் தினத்திலேனும் அதன் பூட்டை அவிழ்த்து, வேறு இயங்குதளம் ஏற்ற அனுமதிக்கவேண்டுமென்று சர்க்கார் விதி செய்யுமாறு தங்கள் பத்திரிகை வற்புறுத்த வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்