சாதனையாளர் பட்டியலும் எழுந்து நின்றவர்களும்

போன மாதம் நான் படித்த கல்லூரியிலிருந்து ஒரு படிவம் வந்தது. வழவழப்பான தாள். முன்னாள் மாணவர் மலர் போடுகிறார்களாம். பெயர், படித்த ஆண்டு, இப்போதைய பதவி, 'வாழ்வில் புரிந்த சாதனை' என்று நாலு கட்டம். கடைசிக் கட்டந்தான் பெருசு. அதுலயும் என் விசயம் அடங்கல. தனியா ரெண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து விழாக் குழுவிலிருந்து போன்.

"தம்பி, எழுதுனது எல்லாம் வாஸ்தவந்தான். ஆனா இது விழா மலரு பாருங்க. நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்க. அந்த ஸ்காலர்ஷிப் சமாச்சாரம், ஹாஸ்டல் சமாச்சாரம் எல்லாம் எதுக்கு?"

எதுக்கு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் 'அந்த ஒரு கல்லூரி அப்படி' என்று மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். திண்டுக்கல் சீமைக்குக் கல்லூரி புதிதல்ல. காந்திகிராமம் 1947-ல் தொடங்கியது. அங்கே 1956-ல் வந்த கிராமிய உயர்கல்வி நிலையம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஜி.டி.என். கல்லூரி 1964, அரசு மகளிர் கல்லூரி 1966. நான் படித்தது இவையல்ல. சமவெளியில், டவுன் பஸ் போய் நிற்கிற ஒரு சின்னக் கல்லூரி. அரசு உதவி பெறுவது. அதாவது நிலைய வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுப்பது நம் வரிப்பணம், பெயர்ப்பலகை மட்டும் நிர்வாகத்தினுடையது.

1989-ல் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புக் குழியில் ஊறின தோலை இழுத்துப் போடுவது, முடி மழிப்பது, ஆவாரம்பட்டைத் தண்ணியில் முக்குவது. ஆட்டுத்தோல் செருப்பாகவும் பையாகவும் கப்பலேறிப் போகும். வாடை மட்டும் எங்க தெருவுல தங்கிடும். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் முதல் வாரமே இடம் மாறிக்கொண்டான். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நாகரிகமான பையன். இப்போது சாதனையாளர் பட்டியலில் இருக்கிறான்.

வகுப்பு நடந்துகொண்டிருக்கும். அட்டெண்டர் சுற்றறிக்கையோடு வருவார். வாத்தியார் கண்ணாடியை இறக்கிப் படிப்பார். "எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்கப்பா. கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போகணும்." நாங்கள் 11 பேர் எழுந்திருப்போம். அறுபது ஜோடிக் கண்கள். யார் யார் என்று அதுவரை தெரியாதவனுக்கும் அன்றைக்குத் தெரிந்துவிடும். வருசத்துக்கு மூணு தடவை, நாலு தடவை.

இது என் ஒருத்தன் கதையா? 1992-ல் வந்த 'கருக்கு'வில் பாமா இதையே பதிந்திருக்கிறார். கல்லூரி வகுப்பில் 'ஹரிஜன மாணவர்கள்' எழுந்து நிற்க வேண்டும், அவர்களுக்குச் சிறப்பு டியூசன் என்கிறார்கள். எழுந்து நின்றவர் எனக்கு அந்த டியூசன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எந்தக் கல்லூரி மலராவது அந்த மறுப்பைச் சாதனை என்று அச்சடிக்குமா? முப்பது வருசத்துக்கும் மேலே ஓடிப்போச்சு. 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. உதவித்தொகை விவரத்தை மாணவனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், வகுப்பில் வைத்துச் சொல்லாதீர்கள் என்று பள்ளிகளுக்கு அதில் சொல்ல வேண்டியிருந்தது. இதைக்கூட ஒரு நீதிபதி எழுதிக் கொடுத்தால்தான் தெரியுமா வாத்தியார்களுக்கு?

அந்த உதவித்தொகை பிச்சை இல்லை. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-ல், வாதாடி வாங்கியது. ஆனால் அது வந்து சேருகிற லட்சணம் இருக்கே! ஜூனில் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பங்குனி வெயிலில் பணம் வரும். நடுவில் தேர்வுக் கட்டணம், புத்தகம், பஸ். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்திலும் ஏழு மாத உதவித்தொகை பாக்கிக் கணக்கு இருக்கிறது. சாகப்போகிறவன் கடிதத்தில் பாக்கிக் கணக்கு எழுத வைத்த நாடு இது.

என் கூட்டாளி ஒருவன். பேர் வேண்டாம். எங்கள் 11 பேரில் நல்லாப் படிக்கிறவன் அவன்தான். விடுதியில் என் பாய்க்குப் பக்கத்துப் பாய் அவனுது. பிரெஞ்சுப் புரட்சியை அவன் சொன்னால் வாத்தியார் சொன்னதை விட விளங்கும். மூன்றாம் ஆண்டு தேர்வுக் கட்டணம் கட்டக் காசில்லை. ஸ்காலர்ஷிப் வந்ததும் கட்டிடுறேன் என்று ஆபீசில் கெஞ்சினான். கடைசித் தேதி போச்சு. அபராதத் தேதியும் போச்சு. பூட்டுப் பட்டறைக்கு அரம் ராவப் போய்விட்டான். அவன் போய் இருபது நாள் கழித்துப் பணம் வந்தது. நானே பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். "சரி மாப்ள, நீயே வாங்கிக் குடு, ஆத்தாட்ட குடுத்துர்றேன்"னு சொல்லிவிட்டு அரத்தை விடாமல் ராவினான். அவன் வந்து கையெழுத்துப் போடாமல் பணம் தரமாட்டோம் என்றார்கள். அரை நாள் கூலியை விட்டு வந்து போட்டான்.

11 பேரில் கடைசித் தேர்வு எழுதியது 6 பேர். மலர்க்குழுவின் கணக்குப்படி என் கூட்டாளி முன்னாள் மாணவரே இல்லை. பட்டம் வாங்கவில்லை அல்லவா. கல்லூரி தோற்ற இடத்தில் அவன் தோற்றதாக ஏட்டில் எழுதிக்கொண்டார்கள்.

விடுதியில் எங்களுக்கு நல்ல நாளும் இருந்தது, மறைப்பானேன். 1991 ஏப்ரல் 14, அண்ணலின் நூற்றாண்டு. கல்லூரிக்குள் படம் வைக்க அனுமதி கேட்டோம். 'சாதிப் பிரச்சினை வரும்' என்றார்கள். அதே வளாகத்தில் ஆயுத பூசைக்குப் பொரிகடலை கொடுப்பவர்கள் சொன்ன பதில் இது. விடுதி மொட்டைமாடியில் காலண்டர் படத்தை வைத்து, குழல் விளக்குக் கட்டி, ராத்திரி ரெண்டு மணிவரை பேசினோம். முதல் முறையாக மைக் இல்லாமல் நாற்பது பேர் முன்னால் பேசினேன். தொண்டை கட்டிப்போச்சு. எந்த வாத்தியாரும் சொல்லித்தராத வரலாறு அன்றைக்குத்தான் படித்தேன். மலருக்கு அனுப்பிய இரண்டு பக்கத்தில் இதுதான் அதிகம். அதைத்தான் எடுக்கச் சொன்னார்கள்.

கல்லூரி என்றால் இப்படித்தான் இருக்கும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அண்ணல் 1945-ல் மக்கள் கல்விக் கழகம் தொடங்கினார். 1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. 1950-ல் நிஜாம் ஆட்சியில் கிடந்த வறட்டு மராத்வாடாவின் ஔரங்காபாத்தில் இன்னொன்று. நாகசேனரிடம் கேள்வி கேட்ட கிரேக்க அரசன் பெயரால் அது மிலிந்த் கல்லூரி ஆனது. கேள்வி கேட்டவன் பெயர், கவனியுங்கள். காசு கொடுத்தவன் பெயரல்ல. அங்கே பாடம் நடத்திய கங்காதர் பாந்தவணே 'அஸ்மிதாதர்ஷ்' இதழை நடத்தி மராத்தி தலித் எழுத்தாளர்கள் ஒரு தலைமுறைக்கே மேடை கொடுத்தார். மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்க 1978-ல் தீர்மானம் வந்ததும் சேரிகளைக் கொளுத்தினார்கள். பெயர் வந்தது 1994 ஜனவரி 14-ல். நடுவே பதினாறு வருசம் மாணவர்கள் விடவில்லை. வளாக வாழ்க்கை என்றால் எனக்கு அதுதான். கலை விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடியவனுக்குக் கேடயம் கொடுப்பது மட்டும் இல்லை.

இன்றைக்கு நிலைமை மாறிப்போச்சு என்பார்கள். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது, உண்மை. சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டாயக் கட்டணம் கிடையாது என்ற அரசாணை 92, 2012-லேயே வந்தது, அதுவும் உண்மை. அந்த ஆணையைப் படித்துப் பார்த்த பெற்றோர் எத்தனை பேர்? வேடசந்தூர் பக்கம் நூல் மில்லு வேன் விடியக்காலை வந்து நிற்கிறது. அதில் ஏறுகிற பிள்ளைகளில் பன்னிரண்டாவது முடித்தவர்கள் உண்டு. கல்லூரி பஸ்சும் அதே ரோட்டில்தான் போகுது.

விழாக் குழுவுக்கு நாலு வரி எழுதிக் கொடுக்கவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டம் 2005-ன்படி கல்லூரிக்கு ஒரு மனு போட்டேன். 1985-லிருந்து ஆண்டுவாரியாகச் சேர்ந்த ஆதிதிராவிட, அருந்ததிய மாணவர் எத்தனை? தேர்வு எழுதாமல் நின்றவர் எத்தனை? அவர்களுக்கு உதவித்தொகை வழங்கப்பட்ட தேதி என்ன? ஆசிரியர் பணியிடம் எத்தனை, அதில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்? பதில் வந்தால் வரிவிடாமல் இந்த இதழில் அச்சாகும், அதுவும் ஒரு மலர்தான்.

சட்டப்படி முப்பது நாள் கெடு. இன்றைக்குப் பதினோராவது நாள். பூட்டுப் பட்டறைக்குப் போய் மனுவின் நகலைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தான். "மூணாவது கேள்வில தேதிய மட்டும் கேட்டா போதாதுரா, எந்தத் தேதி ஆபீசுக்கு வந்துச்சு, எந்தத் தேதி எங்க கைக்கு வந்துச்சுன்னு ரெண்டும் கேளு" என்றான். அடுத்த மனுவை அவன் கையெழுத்தில் போடுகிறோம்.