டிரோபோனின் கூடியிருக்கிறதே, திரும்பவும் அட்டாக்கா?

இருதயம் பலவீனமான பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், ரத்தப் பரிசோதனைச் சீட்டு அடிக்கடி கைக்கு வரும். அதில் 'டிரோபோனின்' என்று ஒரு வரியும், பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்றும் இருந்தால் நமக்கு அடிவயிறு கலங்கிவிடுகிறது. போன மாதம் எங்கள் தெரு மருமகள் ஒருத்தி அப்படி ஒரு சீட்டோடு வந்து, "மாமாவுக்கு நெஞ்சு வலியே இல்லையே அக்கா, அப்புறம் எப்படி?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

டிரோபோனின் என்பது வெளியிலிருந்து வந்த விஷம் ஒன்றும் இல்லை. இருதயத் தசை சுருங்கி விரிய உதவுகிற புரதம் அது. 1960களில் ஜப்பானில் எபாஷி என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். அந்த ஆராய்ச்சியில் அவர் மனைவி ஃபுமிகோவும் கூடவே உழைத்தார் என்பதை நாம் சொல்லாமல் யார் சொல்வது? தசை அணுவுக்குள் இருக்க வேண்டிய இந்தப் புரதம், அணு அடிபட்டால் ரத்தத்தில் கசியும்.

அரிசி மூட்டையை நினைத்துக் கொள்ளுங்கள். மாரடைப்பு என்பது மூட்டை கிழிகிற மாதிரி. சில மணி நேரத்தில் ரத்தத்தில் டிரோபோனின் மளமளவென்று ஏறும். 'ஹார்ட் ஃபெயிலியர்' அப்படியில்லை. (பெயரைக் கேட்டு இருதயம் நின்றுவிட்டது என்று எண்ணாதீர்கள், ரத்தத்தை வேண்டிய அளவு இறைக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம்.) இதில் மூட்டையை எலி கடித்த கதை. சுவர் விரிந்து, அழுத்தம் கூடி, தசைக்கு ரத்தம் போதாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கும் அளவு கூடிக் காட்டும்.

எத்தனை பேருக்கு இப்படி? பல நாடுகளைச் சேர்ந்த 4,000க்கும் மேற்பட்ட ஹார்ட் ஃபெயிலியர்காரர்களின் ரத்தத்தைச் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். பழைய முறையில் சுமார் பத்து பேரில் ஒருவருக்குத்தான் டிரோபோனின் தெரிந்தது. நுண்ணிய புதுமுறையில் நூற்றுக்கு 92 பேருக்குத் தெரிந்தது! அதற்காக அலட்சியமும் கூடாது. அளவு அதிகம் இருந்தவர்களுக்கே ஆபத்தும் அதிகம் என்று அதே ஆராய்ச்சி சொன்னது.

இது எண்பது வயதுத் தாத்தாக்கள் சமாசாரம் என்றும் நினைக்க வேண்டாம். 2013இல் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளில் ஹார்ட் ஃபெயிலியருக்காகச் சேர்ந்த 1,205 பேரைக் கணக்கெடுத்தார்கள். சராசரி வயது 61தான்.

அப்படியானால் டாக்டர் எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்? ஒரே ஒரு எண்ணை வைத்து அல்ல. சில மணி நேரம் விட்டு மறுபடி ரத்தம் எடுப்பார். எண் தாவினால் புதிய அடி. ஏறக்குறைய அப்படியே நின்றால் பழைய கசிவு. ஈ.சி.ஜி.யையும் சேர்த்துப் பார்ப்பார். அதனால்தான் சொல்கிறேன், பழைய சீட்டுகளை மளிகைக் கணக்கோடு போட்டுத் தொலைக்காமல் தேதிவாரியாக ஒரு ஃபைலில் வையுங்கள். கூடுமானவரை ஒரே லாபரட்டரியில் எடுங்கள். டிரோபோனினில் 'டி', 'ஐ' என்று இரண்டு பரிசோதனை உண்டு. ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒப்பிட முடியாது. 'டி' வகைக்குப் பொதுவாக 14 நானோகிராம் எல்லை. 'ஐ' வகை ஒன்றில் ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 16. பார்த்தீர்களா, நமக்கு எல்லையே குறைவு!

ஆனால் நெஞ்சு இறுக்கம், குப்பென்று வியர்வை, படுக்க முடியாத மூச்சு இரைப்பு இவை வந்தால் ஃபைலைப் புரட்டிக்கொண்டு "எப்பவும் இப்படித்தானே" என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. உடனே 108. ஃபைல் வண்டியில் கூட வரட்டும்.

வீட்டில் எலி ஓட்டையைப் பெரிதாக்காமல் இருக்க நம் கையில் இருப்பது மாத்திரையும் உப்பும்தான். அப்பளம், வடகம், உப்பு நார்த்தங்காய் இவற்றைப் பெரியவர் தட்டில் வைக்காதீர்கள். கோபித்துக் கொண்டால் கொள்ளட்டும். காலையில் காப்பிக்கு முன் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள். எங்கள் ஊரில் பௌர்ணமி வந்தால் பெரியவர்கள் கிரிவலத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். 14 கிலோமீட்டர்! கால் வீக்கம் இருக்கும்போது வேண்டாம். மற்ற நாளிலும் டாக்டரைக் கேட்டுவிட்டு.

இன்னொன்று. முடி கொட்டுகிறது என்று 'பயோட்டின்' மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! உடம்புக்கு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். சில மாத்திரைகளில் 10 மில்லிகிராம் இருக்கிறது, அதாவது முந்நூறு மடங்குக்கும் மேல். இது சில வகை டிரோபோனின் பரிசோதனைகளில் அளவைக் குறைத்துக் காட்டி ஏமாற்றிவிடும் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இல் எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும்போது அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.